கிரெடிட் யூனியன் கேஷ்பேக் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருடம் ஆகி, கிரெடிட் ஸ்கோர் கொஞ்சம் தேறியதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். எந்தக் கடையில் தேய்த்தாலும் ஒரே அளவு காசு திரும்பித் தரும் கார்டு ஒன்று வேண்டும் என்று. "இந்தக் காலாண்டில் பெட்ரோலுக்கு 5%, அடுத்த காலாண்டில் மளிகைக்கு 5%" என்று பஞ்சாங்கம் பார்த்துத் தேய்க்கிற கார்டுகள் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரே விகித கார்டு வங்கிகளில் 2% வரை சுலபமாகவே கிடைக்கிறது. கிரெடிட் யூனியனில் அதைவிட நன்றாகக் கிடைக்குமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். விகிதங்கள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் யூனியன் என்றால் என்ன? அதுவும் வங்கிதானே?

வங்கி செய்கிற வேலையைத்தான் செய்கிறது, ஆனால் முதலாளி வேறு. ஊரில் உங்கள் அப்பாவோ அம்மாவோ ஆசிரியராக, மின்வாரியத்தில், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்திருந்தால் "சொசைட்டி லோன்" என்ற சொல் காதில் விழுந்திருக்கும். சம்பளத்தில் மாதாமாதம் பங்குத்தொகை பிடிப்பார்கள், தேவைக்குக் கடன் கொடுப்பார்கள், வருடக் கடைசியில் டிவிடெண்ட் வரும். கிரெடிட் யூனியனும் அதே ஜாதிதான். கணக்கு வைத்திருப்பவர்தான் உறுப்பினர், உறுப்பினர்தான் உரிமையாளர். சேமிப்பில் 5 டாலர் போட்டவருக்கும் ஒரு ஓட்டு, 50,000 டாலர் போட்டவருக்கும் ஒரு ஓட்டு.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. ஜெர்மனியின் ரைஃபைசன் கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டு, சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் பெரிய அறிக்கை ஒன்று எழுதினார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது; அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் பதிவானது. 1907இல் போஸ்டன் துணிக்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் இந்தியாவுக்கு வந்தபோது வங்காளக் கிராமங்களில் இந்தச் சங்கங்களை நேரில் பார்த்தார். திரும்பிப் போய் மாசசூசெட்ஸில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் துணை நின்றார், பிறகு நாடு முழுக்க இதைப் பரப்பக் கைக்காசைச் செலவழித்தார். அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் அதற்குக் கொஞ்சம் முன்பே, 1908இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டரில் தேவாலயம் ஒன்றைச் சார்ந்து தொடங்கிவிட்டது. கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1934இல்.

போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. வங்கிக்கு எஃப்.டி.ஐ.சி. என்ற வைப்புக் காப்பீட்டு அமைப்பு இருப்பதுபோல இதற்கு என்.சி.யு.ஏ. என்ற அரசு அமைப்பு. ஒருவருக்கு 250,000 டாலர் வரை காப்பீடு. கூட்டாட்சி உரிமம் பெற்ற எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். மாநில உரிமம் பெற்றவற்றில் சிலவற்றுக்கு மட்டும் தனியார் காப்பீடு இருக்கும், அதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

உறுப்பினராக நான் தகுதியா? நான் ராணுவத்தில் இல்லையே!

இந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. சட்டப்படி ஒவ்வொரு கிரெடிட் யூனியனுக்கும் "இன்னார்தான் சேரலாம்" என்று ஒரு வரம்பு உண்டு: ஒரு கம்பெனியின் ஊழியர், ஒரு மாவட்டத்தில் குடியிருப்பவர், ஒரு சங்கத்தின் உறுப்பினர் என்று. நடைமுறையில் பெரிய யூனியன்கள் பலவற்றில் இந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அமெரிக்கப் போர்த்துறை ஊழியர்களுக்காக 1935இல் தொடங்கிய பென்ஃபெட் இப்போது யாரையும் சேர்த்துக்கொள்கிறது. சிகாகோவின் அலையண்ட், யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்களுக்காகப் பிறந்தது. இன்று ஓர் அறக்கட்டளைக்குச் சிறு தொகை கொடுத்து யாரும் உள்ளே வரலாம். வெளியுறவுத் துறை ஊழியர்களின் யூனியனில் ஒரு நுகர்வோர் சங்கத்தில் சேர்ந்தால் இடம் கிடைக்கும். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் டெக் பரிச்சயமாக இருக்கும்: மைக்ரோசாஃப்ட், அமேசான், இன்டெல் ஊழியர்களுக்கு நேரடி வழி, மற்றவர்கள் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் உறுப்பினரானால் போதும்.

விதிவிலக்கு நேவி ஃபெடரல். நாட்டிலேயே பெரிய கிரெடிட் யூனியன், ஆனால் ராணுவம், பாதுகாப்புத் துறை, அவர்கள் குடும்பத்தார் தவிர யாருக்கும் கதவு திறக்காது. சொந்தத்தில் யாராவது அங்கே உறுப்பினராக இருந்தால் வாய்ப்பு உண்டு. பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை செல்லும். சித்தப்பா மகன் கணக்கில் வராது.

உங்கள் கம்பெனியின் எச்.ஆர். பக்கத்தையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். மருத்துவமனை, பல்கலைக்கழகம், பெரிய கம்பெனி எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு யூனியனுடன் ஏற்பாடு இருக்கும், யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட யூனியன்கள் இருக்கின்றன. என்.சி.யு.ஏ. தளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் பக்கத்தில் இருப்பவை எல்லாம் வரைபடத்தில் வந்துவிடும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு கேட்பார்களா?

பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா ஆவணம், இரண்டு சம்பளச் சீட்டு. சில இடங்களில் விசா முடியும் தேதியையும் பார்ப்பார்கள். எச்-4இல் இருக்கும் துணைக்கு சோஷியல் எண் இல்லையென்றால் ஐ.டி.ஐ.என். (வரி கட்டுவதற்கான அடையாள எண்) ஏற்கும் யூனியன்கள் உண்டு. இல்லாவிட்டால் உங்கள் கார்டிலேயே கூடுதல் பயனராகச் சேர்த்துவிடலாம்.

என் முதல் யூனியன் கார்டுக்கு விண்ணப்பித்த மூன்றாம் நாள் ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். வங்கியில் இதெல்லாம் அறுபது விநாடியில் கணினியே முடித்துவிடும். இவர் என் வாடகை எவ்வளவு, கம்பெனி எத்தனை வருடமாக இருக்கிறது, ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புவேனா என்று பொறுமையாகக் கேட்டார். பெயரை ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தடவை சொல்லவைத்தார். இரண்டு மாதம் முன்பு எனக்கு "கிரெடிட் வரலாறு போதாது" என்று ஒரு வங்கி கைவிரித்திருந்தது. இவர் 3,000 டாலர் லிமிட்டுடன் கார்டு கொடுத்துவிட்டார். எல்லா யூனியனிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மனிதர் ஒருவர் விண்ணப்பத்தைப் படிக்கும் வாய்ப்பு சின்ன யூனியனில் அதிகம், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வாருங்கள். எதில் எவ்வளவு?

நான் அதிகம் பேர் வைத்திருக்கப் பார்த்தவை இவை. அலையண்ட் விசா சிக்னேச்சர்: நிபந்தனைகளை நிறைவேற்றினால் 2.5%, இல்லாவிட்டால் 1.5%. பென்ஃபெட் பவர் கேஷ்: எல்லோருக்கும் 1.5%, அவர்களிடம் குறிப்பிட்ட செக்கிங் கணக்கு (அன்றாட வரவு செலவுக் கணக்கு) வைத்திருந்தாலோ ராணுவத் தொடர்பு இருந்தாலோ 2%. வெளியுறவுத் துறை யூனியனின் பிரீமியம் கேஷ்பேக் பிளஸ்: 2%. நேவி ஃபெடரலில் 1.5% முதல் 2% வரை இரண்டு ரகம்.

இதற்குப் பக்கத்தில் வங்கிகளை வையுங்கள். சிட்டியின் டபுள் கேஷ் வாங்கும்போது 1%, பில் கட்டும்போது 1%. வெல்ஸ் ஃபார்கோவின் ஆக்டிவ் கேஷ் நேராக 2%. இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் இல்லை, உறுப்பினர் சடங்கும் இல்லை. ஆகவே 1.5% தரும் யூனியன் கார்டை வெறும் கேஷ்பேக்குக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. 2% தருவது வேறு ஏதாவது வசதியும் சேர்த்துத் தந்தால்தான் அலைச்சலுக்கு ஈடாகும்.

2.5% என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டு வாங்கலாம். அலையண்டின் 2.5%க்கு மூன்று நிபந்தனைகள். அவர்கள் செக்கிங் கணக்கில் அந்த மாதச் சராசரி இருப்பு 1,000 டாலருக்குக் குறையக் கூடாது. மாதம் ஒருமுறையாவது மின்னணு முறையில் அதில் பணம் வர வேண்டும். ஸ்டேட்மென்ட் காகிதத்தில் கேட்கக் கூடாது. அதோடு ஒரு பில்லிங் சுழற்சியில் முதல் 10,000 டாலர் செலவுக்குத்தான் 2.5%.

அந்த 1,000 டாலர் அங்கே ஏறக்குறையச் சும்மா கிடக்கிறது. செக்கிங்கில் 0.25% வட்டி, அதே பணம் வேறிடத்தில் 4% சேமிப்பில் இருந்திருந்தால் வருடத்துக்கு 40 டாலர் வந்திருக்கும். ஆக 37.50 டாலர் கைநழுவுகிறது. 2% வங்கி கார்டைவிட அலையண்ட் தருவது அரை சதவீதம் கூட. அந்த அரை சதவீதம் 37.50 டாலர் ஆக வேண்டுமென்றால் வருடத்துக்கு 7,500 டாலர், அதாவது மாதம் 625 டாலர் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதுதான் லாபம்.

மாதம் 2,000 டாலர் செலவழிக்கும் குடும்பத்துக்கு வருடம் 24,000. இதில் 2.5% என்றால் 600, 2% என்றால் 480. வித்தியாசம் 120, முடங்கிய பணத்தின் வட்டியைக் கழித்தால் 82 டாலர் சொச்சம். நல்ல காசுதான், நான்கு பேர் ஒரு நாள் வெளியே சாப்பிடலாம். தனியாளாக மாதம் 800 டாலர் தேய்ப்பவருக்குக் கையில் நிற்பது வருடத்துக்குப் பத்துப் பதினோரு டாலர். அதற்காகப் புதுக் கணக்கு, புதுச் செயலி, புதுக் கடவுச்சொல் என்று அலைவதா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது. என் தம்பி அலைவான். நான் அலைய மாட்டேன்.

இன்னொன்று. ஒரு மாதம் சராசரி இருப்பு 980 டாலராக இறங்கிவிட்டால் விகிதம் 1.5%க்கு விழும். 2,000 டாலர் செலவில் 50க்குப் பதில் 30. வாடகை போகும் கணக்கும் இதுவும் ஒன்றாக இருந்தால் இது கட்டாயம் நடக்கும். அந்தக் கணக்கைத் தனியாக வைத்து, 1,200 டாலர் போட்டுவிட்டு, வேறு வங்கியிலிருந்து மாதம் ஒருமுறை சின்னத் தொகை தானாக வருமாறு அமைத்துவிடுங்கள்.

"ஒரு டாலருக்கு 2 பாயின்ட்" என்று போட்டிருக்கிறது. அதுவும் 2%தானே?

இங்கேதான் வழுக்கும். ஒரு பாயின்ட் ஒரு சென்ட் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. சின்ன யூனியன்கள் பாயின்ட் கடையை வெளிக் கம்பெனியிடம் விட்டிருப்பார்கள். அதே பாயின்ட் விமான டிக்கெட்டுக்கு ஒரு மதிப்பு, பரிசு அட்டைக்கு ஒரு மதிப்பு, ரொக்கமாகக் கேட்டால் மிகக் குறைந்த மதிப்பு. விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "10,000 பாயின்ட்டை என் சேமிப்புக் கணக்கில் போட்டால் எத்தனை டாலர் வரும்?" 100 என்று பதில் வந்தால் உங்கள் 2% உண்மையான 2%. 70 என்றால் அது 1.4%. போன் எடுப்பவருக்கே தெரியாவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பாயின்ட் காலாவதியாகுமா, ரொக்கமாக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு சேர வேண்டும் என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

வட்டி குறைவு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கூட்டாட்சி உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன் வாங்கக்கூடிய வட்டிக்கு உச்சவரம்பு உண்டு. சட்டத்தில் 15% என்று இருக்கிறது, என்.சி.யு.ஏ. வாரியம் அதை 1987 முதல் 18% என்று வைத்துத் தொடர்ந்து நீட்டித்து வருகிறது. வங்கி கார்டுகளில் 24, 28 என்று சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். ஆனால் மாநில உரிமம் பெற்ற யூனியன்களுக்கு இந்த 18% பொருந்தாது. பெயரில் "ஃபெடரல்" இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரம்பு உண்டு.

வட்டி கட்டும் நிலையில் இருப்பவருக்கு கேஷ்பேக் பேச்சே வீண். 3,000 டாலர் பாக்கிக்கு 18%இல் மாதம் 45 டாலர் வட்டி, 24%இல் 60. அந்த 3,000 டாலருக்கு 2% கேஷ்பேக் வந்ததே ஒரே ஒரு தடவை 60 டாலர்தான். அப்படிப்பட்டவர் தேட வேண்டியது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவது) கட்டணம் இல்லாத கார்டு. வங்கிகள் 3% முதல் 5% வரை வாங்கும் இடத்தில் ஃபர்ஸ்ட் டெக், நேவி ஃபெடரல் போன்ற சில யூனியன்கள் அந்தக் கட்டணமே வாங்காமல் கார்டு தருகின்றன.

கிரெடிட் யூனியன் கார்டில் யாரும் சொல்லாத சிக்கல் ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வங்கி கார்டில் பாக்கி வைத்தால், அதே வங்கியில் இருக்கும் உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் நீங்களே "என் சேமிப்பு இந்த கார்டுக்கு ஈடு" என்று தெரிந்து எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தடை பொருந்தாது. கிரெடிட் யூனியன்களின் கார்டு ஒப்பந்தங்களில் இப்படி ஒரு பத்தி அடிக்கடி இருக்கும். தனியாக ஒரு கட்டத்தில் கையெழுத்தோ டிக்கோ கேட்பார்கள். நாம் வழக்கம்போல அவசரத்தில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவோம்.

இதைவிட ஆழமான இன்னொரு பத்தியும் உண்டு. அதே யூனியனில் கார் லோன் வாங்கியிருந்தால், அந்த கார் இந்த யூனியனிடம் நீங்கள் வைக்கும் மற்றக் கடன்களுக்கும் ஈடு என்று கார் லோன் பத்திரத்தில் எழுதியிருக்கும். கார் தவணையை முழுக்கக் கட்டி முடித்தவர், கார்டில் பாக்கி இருப்பதால் வண்டியின் டைட்டில் (உரிமைப் பத்திரம்) கைக்கு வராமல் நிற்பது இப்படித்தான். ஊரில் நகைக்கடனை அடைத்த பிறகும், "பயிர்க்கடன் பாக்கி இருக்கிறது" என்று நகையைத் தராமல் நிறுத்துவார்களே, அதே கதை.

ஒழுங்காக பில் கட்டுபவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எதிர்பாராமல் வேலை போகும்போதுதான் இது கடிக்கும். விசாவில் இருப்பவருக்கு அந்தச் சமயத்தில் கைச்சேமிப்புதான் உயிர். என் பழக்கம் இது: கார்டு ஓரிடம், அவசரகாலச் சேமிப்பு வேறிடம், கார் லோன் இன்னோரிடம். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது இந்த கார்டைத் தேய்க்கலாமா?

வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மேலே சொன்ன இரண்டு வங்கி கார்டுகளும் 3% வாங்குகின்றன. தி.நகரில் 40,000 ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்தால் கேஷ்பேக் 800 ரூபாய், கட்டணம் 1,200 ரூபாய். பென்ஃபெட் பவர் கேஷ், நேவி ஃபெடரல் கார்டுகளில் இந்தக் கட்டணம் இல்லை. நான் யூனியன் கார்டு வைத்திருப்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

அங்கே ஒரு கவனம். ஸ்வைப் மிஷின் "டாலரா, ரூபாயா?" என்று கேட்டால் ரூபாயைத் தொடுங்கள். டாலரைத் தொட்டால் மாற்று விகிதத்தை மிஷின்காரர்கள் போடுவார்கள், அது எப்போதும் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும். கடைக்காரப் பையன் உங்களைக் கேட்காமலே டாலரை அழுத்திவிடுவதும் உண்டு. மிஷினை உங்கள் பக்கம் திருப்பிக் கேளுங்கள்.

கிளம்பும் முன் பயணத் தேதியைச் செயலியில் சொல்லிவிடுங்கள். சின்ன யூனியன்கள் வெளிநாட்டுச் செலவைப் பார்த்ததும் கார்டை முடக்கிவிடும். அவர்கள் அலுவலகம் திறக்கும்போது சென்னையில் இரவு.

காஸ்ட்கோவில் செல்லுமா?

கடைக்குள் விசா மட்டும்தான் எடுப்பார்கள், 2016 முதல் அப்படி. பெரும்பாலான யூனியன் கார்டுகள் விசாதான் என்பதால் பிரச்சினை இல்லை. காஸ்ட்கோ மொத்தக்கிடங்காகக் கணக்கில் வருவதால் பல மளிகை கார்டுகளின் கூடுதல் விகிதம் அங்கே கிடைக்காது. ஒரே விகித கார்டுக்கு அந்தக் கவலையும் கிடையாது.

வரியை கார்டில் கட்டினால் லாபமா?

கூட்டாட்சி வருமான வரியை கார்டில் வாங்கிக்கொள்ள ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) அனுமதித்த இடைநிறுவனங்கள் இருக்கின்றன. கட்டணம் 1.75% முதல் 1.85% அளவில் இருந்துவருகிறது. 1.5% கார்டுக்கு நஷ்டம், 2% கார்டுக்கு டீக்காசு, 2.5% கார்டுக்குக் கொஞ்சம் லாபம். வீட்டுவரிக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் பல இடங்களில் 2.5%க்கு மேல் கேட்பார்கள், அங்கே வேண்டாம்.

கேஷ்பேக்குக்கு வரி உண்டா?

செலவழித்ததால் திரும்பி வருவது தள்ளுபடி, வருமானமில்லை. செக்கிங் கணக்கு தொடங்கியதற்காகத் தரும் போனஸ் வேறு, அது வருமானம். யூனியன் சேமிப்பில் வருவதை அவர்கள் "டிவிடெண்ட்" என்று எழுதினாலும் வரிக்கு அது வட்டிதான்; 1099-ஐ.என்.டி. படிவத்தில் வரும். டிவிடெண்ட் பகுதியில் எழுதிவிடாதீர்கள்.

விண்ணப்பித்தால் ஸ்கோர் இறங்குமா?

சில புள்ளிகள் இறங்கி, சில மாதங்களில் ஏறிவிடும். கவனிக்க வேண்டியது வேறு: சில யூனியன்கள் உறுப்பினராகச் சேர்வதற்கே ஒருமுறை கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும், கார்டுக்கு இன்னொருமுறை. இரண்டையும் ஒரே விசாரணையில் முடிப்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் கடன் அறிக்கையை யாரும் பார்க்க முடியாதபடி உறைநிலையில் (ஃபிரீஸ்) வைத்திருந்தால் எந்தக் கடன் தகவல் நிறுவனத்தில் எடுக்கிறார்கள் என்று கேட்டு அதை மட்டும் திறந்துவிடுங்கள். 2018 முதல் பூட்டவும் திறக்கவும் காசில்லை.

ஆட்டோபே போட்டுவிட்டேன். இனி மறந்துவிடலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். எந்த யூனியன் என்று சொல்லப்போவதில்லை. முதல் பில் 1,412 டாலர். ஆட்டோபே பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டேன், "சேமிக்கப்பட்டது" என்று வந்தது, மூடிவிட்டேன். டியூ டேட் முடிந்த மறுநாள் பார்த்தால் போயிருப்பது 28 டாலர். குறைந்தபட்சத் தொகை என்பது ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டிருந்தது. "முழு பாக்கி" என்பது கீழே இழுத்தால்தான் தெரியும் இன்னொரு வரி. மீதிக்கு வட்டி ஓடத் தொடங்கியதோடு, அந்த மாதம் புதிதாக வாங்கிய பாலுக்கும் பெட்ரோலுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. முழுவதையும் கட்டிய அடுத்த மாதம், பில் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடையில் ஏறிய ஒரு வால் வட்டி வேறு. எல்லாம் சேர்த்து 31 டாலர். அந்த பில்லுக்கு வந்த கேஷ்பேக் 28.

சில சின்ன யூனியன்களில் ஆட்டோபே அவர்கள் கணக்கிலிருந்து மட்டும்தான் எடுக்கும். சிலவற்றில் காகிதப் படிவம் அனுப்பச் சொல்வார்கள். நான் கேட்டபோது ஓரிடத்தில் ஃபேக்ஸ் எண் கொடுத்தார்கள். முதல் இரண்டு பில்களுக்கு டியூ டேட்டுக்கு மூன்று நாள் முன்பு உள்ளே போய் எவ்வளவு எடுக்கப்போகிறது என்று பாருங்கள்.

செயலி எப்படி இருக்கும்?

பெரிய யூனியன்களில் பரவாயில்லை. சின்னவற்றில் கார்டுக்கென்று தனித் தளம், தனிக் கடவுச்சொல், பத்து வருடத்துக்கு முந்தைய முகம். கேஷ்பேக்குக்கு மூன்றாவதாக இன்னொரு தளம் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஊருக்கே திரும்புகிறேன். கார்டை என்ன செய்வது?

முதலில் சேர்ந்திருக்கும் கேஷ்பேக் முழுவதையும் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். கார்டை மூடியபின் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. அப்புறம் இந்த கார்டில் மாதாமாதம் போகும் சந்தாக்களை நிறுத்துங்கள், கடைசி பில் வரும்வரை காத்திருந்து கட்டுங்கள், பிறகு மூடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். உறுப்பினர் கணக்கைக் கடைசியில்தான் மூட வேண்டும். அதற்கு முன் அமெரிக்க எண்ணுள்ள சிம்மை விட்டுவிடாதீர்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். சேரும்போது பங்காகப் போட்ட 5 டாலர் அந்தச் சேமிப்பில் அப்படியே கிடக்கும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.